பெருநாள் சமையலில் மிஞ்சியவை

ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள் காலையில் நம் வீடுகளின் அடுப்பங்கரைக்குள் சென்று பார்த்தால் எங்கும் ஒரே காட்சிதான். தேக்சாவின் அடியில் நான்கு பேருக்குப் போதுமான நெய்ச்சோறு. ஒரு சட்டியில் கறியாணம், இன்னொன்றில் தாளிச்சா. பக்கத்து வீடுகளிலிருந்து வந்த தூக்குச் சட்டிகள் இன்னும் திறக்கப்படாமலே இருக்கும். குளிர்ப்பெட்டியின் மேல்தட்டிலோ கதவை மூட முடியாத அளவுக்குக் குர்பானிக் கறி. முதல்நாள் முழுதும் அடுப்பருகே நின்ற பெண்கள், இனிக் கறியைக் கண்ணாலும் பார்க்க வேண்டாம் என்று சலித்துக் கொள்வார்கள். பிள்ளைகள் தோசை கேட்பார்கள். இரண்டு நாள் கழிந்தபின் அந்தத் தேக்சாவில் இருந்தது எங்கே போயிற்று என்று நாம் யாரும் கேட்பதில்லை.

இந்த மிச்சத்தைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது, அதை வீட்டில் எப்படி நல்ல உணவாக்குவது என்பதையே இம்மாதப் பாடமாக எடுத்துக் கொண்டோம். மார்க்க ஏட்டில் சமையலுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். குர்பானியின் சட்டங்களில் ஒரு பெரும்பகுதி அறுத்து முடித்த பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் பகுதி முழுவதும் நடைபெறுவது அடுப்பங்கரையில்தான்.

உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், அஃராஃப் அத்தியாயத்தின் அதே வசனத்திலேயே வீண் விரயத்தைத் தடுத்திருக்கிறான். கீழே விழுந்த ஒரு கவளத்தைக்கூட அதில் ஒட்டிய தூசியை நீக்கிவிட்டு உண்ணும்படியும், அதை ஷைத்தானுக்கென்று விட்டுவிட வேண்டாமென்றும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பதை நாம் அறியோம் என்பதே தட்டையும் விரல்களையும் வழித்து உண்பதற்கு அவர்கள் கூறிய காரணம். ஒரு கவளத்துக்கே இந்த மரியாதை என்றால், ஒரு தேக்சா சோற்றைப் பற்றி என்ன சொல்வது?

குர்பானிக் கறியைச் சேமித்து வைப்பது பற்றித் தனியாகவே ஒரு வரலாறு உண்டு. ஓர் ஆண்டு, மூன்று நாட்களுக்கு மேல் யாரும் குர்பானிக் கறியை வீட்டில் வைத்திருக்கக் கூடாதென்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். மறு ஆண்டு ஸஹாபாக்கள், சென்ற ஆண்டைப் போலவே செய்யட்டுமா என்று கேட்டபோது, உண்ணவும் பிறருக்கு உண்ணக் கொடுக்கவும் சேமித்து வைக்கவும் அனுமதித்தார்கள். முந்தைய ஆண்டில் மக்கள் கஷ்டத்தில் இருந்ததால், அவர்களுக்கு உதவி செய்யப்பட வேண்டுமென்று விரும்பியே தடுத்ததாகவும் விளக்கினார்கள். இது ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் உள்ளது. பெருநாளையொட்டிப் பசியோடு மதீனாவுக்கு வந்திருந்த நாட்டுப்புற ஏழைகளுக்காகவே அத்தடை இடப்பட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுவது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

ஆகவே சேமிக்கலாம் என்பது இன்றும் நிலைத்திருக்கும் அனுமதி. ஆனால் அந்த அனுமதி எதையொட்டி வந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. வாசலில் பசித்தவன் நின்ற ஆண்டில் சேமிப்பு தடுக்கப்பட்டது. அவன் இல்லாத ஆண்டில் திறந்து விடப்பட்டது. நம் தெருவில் இவ்வாண்டு நிலைமை என்ன என்பதைப் பார்க்காமல் குளிர்ப்பெட்டியை மட்டும் பார்ப்பது அந்த ஹதீஸைப் பாதியில் விட்டுவிடுவதாகும்.

இதை நாங்கள் பிறருக்குச் சொல்லும் தகுதியோடு சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்தது இது. பெருநாளன்று அஸருக்குப் பின் வாசலுக்கு வந்த இருவரிடம், பங்கிட்டு முடிந்துவிட்டதென்று சொல்லி அனுப்பினோம். அது பொய்யில்லை, ஏழைகளுக்கென்று ஒதுக்கிய பங்கு உண்மையாகவே முடிந்திருந்தது. எங்கள் பங்கு ஆறு கிலோவுக்குக் குறையாமல் உறைபெட்டியில் இருந்தது. விருந்தாளிகள் வருவார்களே என்ற எண்ணம். பத்து நாள் கழித்து நாங்கள் ஊருக்குச் சென்றிருந்த சமயம் மின்சாரம் நீண்ட நேரம் நின்றுபோயிருக்கிறது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. கொல்லையில் குழி தோண்டி அவ்வளவையும் புதைத்தோம். மண்ணைத் தள்ளும்போது அந்த இருவரின் முகமும் நினைவுக்கு வந்தது. ஹஜ் அத்தியாயத்தில் இறைவன், கேட்டு வருபவரையும் கேட்காமல் பொறுத்திருப்பவரையும் சேர்த்துச் சொல்லி, இருவருக்கும் உண்ணக் கொடுக்கப் பணிக்கிறான். கேட்டு வந்தவரையே நாங்கள் திருப்பியனுப்பி விட்டோம். கேட்காதவரைத் தேடிப் போவதெங்கே?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சிறு சம்பவம் திர்மிதியில் இருக்கிறது. வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. அதில் என்ன மிஞ்சியிருக்கிறதென்று நபி (ஸல்) அவர்கள் வினவ, முன்சப்பையைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை என்று அன்னையவர்கள் பதிலளித்தார்கள். அதற்கு நபியவர்கள், அந்த முன்சப்பை நீங்கலாக மற்றதெல்லாம் மிஞ்சியிருக்கிறது என்று கூறினார்கள். கொடுத்ததே கணக்கில் நிற்கிறது, வைத்திருந்தது தீர்ந்துவிடும் என்பது அதன் கருத்து.

இனிச் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, சுன்னத்தான குர்பானியில் ஒரு பகுதியையேனும் ஏழைக்குப் பச்சைக் கறியாகவே கொடுத்தாக வேண்டும். சமைத்து விருந்து வைத்தால் அந்தக் கடமை நீங்காது. 'மிஞ்சினால் ஆக்கிக் கொடுப்போம்' என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சேமித்து வைப்பதானால் தான் உண்பதற்குரிய பங்கிலிருந்துதான் வைக்கலாம். தர்மத்துக்குரியதிலிருந்து வைக்கக் கூடாது. நேர்ச்சை செய்து தன்மேல் கடமையாக்கிக் கொண்ட குர்பானியாயின், கொடுத்தவரும் அவரது பொறுப்பிலுள்ள குடும்பத்தாரும் அதில் ஒரு துண்டும் உண்ணலாகாது; அங்கே மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அறுப்பவரின் கூலியைக் கறியாகவோ தோலாகவோ கொடுப்பதும் ஆகாது. கூலியைத் தனியே பணமாகக் கொடுத்துவிட்டு, அதன்பின் அன்பளிப்பாகக் கறி கொடுத்தால் தடையில்லை.

மிச்சம் மலைபோல் குவியாமலிருக்க ஒரு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. குர்பானியின் காலம் ஒரு நாளோடு முடிவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் துல்ஹஜ் 13ஆம் நாள் மாலை சூரியன் மறையும் வரையிலும், ஹனஃபீ மத்ஹபில் 12ஆம் நாள் மறையும் வரையிலும் நேரமுண்டு. முதல் நாளுக்குச் சிறப்பு அதிகம் என்பது உண்மையே. ஆயினும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் குர்பானி கொடுக்கும்போது, ஒன்றைப் பெருநாளன்றும் மற்றதை மூன்றாம் நாளும் அறுத்தால், முதல்நாள் கறி கிடைக்காமல் போனவர்களுக்கும் போய்ச் சேரும், தேக்சாவும் வழியாது.

மிஞ்சியது யாருக்கு என்ற கேள்வியில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். மூன்றாம் நாள் காலையில், வாடை மாறத் தொடங்கிய பிரியாணியைப் பொட்டலமாகக் கட்டி, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கையில் கொடுக்கிறோம். கொடுத்ததாக மனநிறைவும் அடைகிறோம். பகரா அத்தியாயத்தில் இறைவன், தனக்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தேடியெடுத்துத் தர்மம் செய்வதைத் தடுக்கிறானே! அந்தப் பொட்டலத்தை நம் மேசையில் வைத்தால் நாம் உண்போமா? ஆகவே முறையை மாற்றிக் கொள்ளுங்கள். முதல்நாள் பகலில், சோறு சூடாக இருக்கும்போதே கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து விடுங்கள். மிஞ்சியதை மாற்றிச் சமைத்து நீங்கள் உண்ணுங்கள். கீழே எழுதியிருப்பவை யாவும் நம் சொந்த மேசைக்கு உரியவை.

மிச்சம் என்பது வேறு, எச்சில் என்பது வேறு. சட்டியில் கை படாமல் இருப்பது மிச்சம். சஹனில் உட்கார்ந்து பலர் கையிட்டு உண்டபின் எஞ்சுவது எச்சில். மார்க்கத்தில் மனிதரின் எச்சில் அசுத்தமன்று; அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துப் பருகிய அதே இடத்தில் நபி (ஸல்) அவர்கள் வாய் வைத்துப் பருகியிருக்கிறார்கள். சஹனில் எஞ்சியதை அப்பொழுதே வீட்டார் உண்டு முடிப்பது நல்ல பழக்கம். ஆனால் கை பட்ட உணவு விரைவில் கெடும். அதைச் சட்டியில் திரும்பப் போட்டால் சட்டியிலுள்ளதும் சேர்ந்து கெடும். சஹனில் முதலில் குறைவாக வைத்து, கேட்கக் கேட்கப் பரிமாறுவதே சரி. விருந்து கொடுப்பவரின் கௌரவம் சஹன் குவிந்திருப்பதில் இருக்கிறதென்ற எண்ணத்தை எந்தக் காலத்தில் விடப் போகிறோமோ தெரியவில்லை.

கெட்டுப் போனதை உண்பதும் சிக்கனமாகாது. உடலுக்குத் தீங்கென்று தெரிந்ததை உண்ண மார்க்கம் அனுமதிக்கவில்லை. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கலாகாதென்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கொளுத்தும் கோடையில் ஒரு மணி நேரமே அதிகம். பெரிய தேக்சாவோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். அகலமான தட்டங்களில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். சோற்றில் தனி எச்சரிக்கை தேவை. வெளியில் கிடந்த சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, திரும்பச் சுட வைத்தாலும் அழியாது. எனவே நெய்ச்சோற்றையும் பிரியாணியையும் மறுநாளுக்குள் தீர்த்து விடுங்கள். கறியாணம் குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்து உண்ண வேண்டும். முழுச் சட்டியையும் தினம் சுட வைத்து இறக்குவது கூடாது. இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படியும், மூட ஒன்றும் கிடைக்காவிட்டால் இறைவன் பெயரைச் சொல்லி ஒரு குச்சியையாவது குறுக்கே வைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்தது ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. குளிர்ப்பெட்டிக்குள்ளும் மூடியே வையுங்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம்.

கறியாணம் மறுநாள்தான் ருசி என்பார்கள். அதை வாயகன்ற சட்டியில் ஊற்றிச் சிறுதீயில் சுண்டவிட்டு, மசாலா கறியோடு ஒட்டியதும் மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் போட்டு இறக்கினால், பசியாற இடியாப்பத்துக்கும் தோசைக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்! உப்பு ஏறியிருக்கும், ஒரு பிடி தேங்காய் அரைத்துச் சேர்த்தால் சமப்படும். தோசை கேட்கும் பிள்ளைகளுக்கு, இந்தச் சுண்டிய கறியை உதிர்த்து முட்டையோடு கலந்து, தோசைக்கல்லில் மாவை ஊற்றி அதன்மேல் பரப்பித் திருப்பிப் போட்டால் கறிதோசை. பழைய கறியென்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மீந்த ரொட்டியும் சப்பாத்தியும் காய்ந்து போனால் கவலை வேண்டாம். அவற்றைப் பிய்த்துத் தட்டில் போட்டு, கொதிக்கும் கறிச்சாற்றை மேலே ஊற்றி ஊறவிட்டு உண்ணுங்கள். இதுதான் அரபு நாட்டின் தரீத். பெண்களுள் ஆயிஷா (ரலி) அவர்களுக்குள்ள சிறப்பை, உணவுகளுள் தரீதுக்குள்ள சிறப்புக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள் என்றால் அதன் மதிப்பை ஊகித்துக் கொள்ளலாம். பரோட்டாவானால் பொடியாகப் பிய்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், முட்டை வதக்கி, ஆணத்தையும் ஊற்றிக் கொத்திவிடலாம்.

பிரியாணி மிஞ்சினால் கறித்துண்டுகளைத் தனியே எடுத்து எலும்பு நீக்கிப் பொடியாக நறுக்குங்கள். சோற்றைக் கையால் நன்றாக மசித்து, அந்தக் கறி, அவித்த உருளைக்கிழங்கு ஒன்று, கொத்துமல்லி, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து தட்டையாகத் தட்டுங்கள். முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தால் மாலைத் தேநீருக்குக் கட்லெட் ஆகிவிடும். ஏலம், பட்டை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். கிராம்பைக் கடித்த பிள்ளை மறுமுறை அந்தப் பக்கம் வராது.

எலும்பைத்தான் நாம் அதிகம் வீணாக்குகிறோம். தாளிச்சாவுக்குப் போக மீந்த எலும்பை இஞ்சி, பூண்டு, மஞ்சள், பட்டை போட்டு இரண்டு மணி நேரம் வேகவிட்டுச் சாற்றை வடித்துக் கொள்ளுங்கள். அதில் ஒரு டம்ளர் பச்சரிசி நொய், ஒரு பிடி பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம் போட்டுக் குழைய வேகவைத்து, எலும்பில் ஒட்டிய கறியை உதிர்த்துப் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி, சிறிய வெங்காயமும் புதினாவும் தாளித்தால் நோன்புக் கஞ்சியின் தங்கைபோல் ஒரு கறிக்கஞ்சி கிடைக்கும். பெருநாள் விருந்தில் அயர்ந்த வயிற்றுக்கு இதமானது. கஞ்சி நாலு பேருக்கு ஆக்கினால் எட்டுப் பேருக்கு வரும். ஆணம் காய்ச்சும்போது தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் செய்த உபதேசத்தை நினைத்துக்கொண்டு, கஞ்சியை அன்று புதிதாகக் காய்ச்சும்போதே பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்கு அனுப்பலாம். இது மிச்சமல்ல, புதுச் சமையல்.

வட்டலப்பத்துக்கு மட்டும் மறுபிறவி கிடையாது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. மறுநாளுக்குள் உண்டு முடித்து விடுங்கள்.

பச்சைக் கறியைப் பற்றிச் சொல்லாமல் இப்பாடம் முடியாது. அறுத்த சூட்டோடு உறைபெட்டியில் திணித்தால் கறி இறுகிவிடும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. சில மணி நேரம் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, பின்பு அரைக்கிலோ அரைக்கிலோவாகப் பையில் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். பையின்மேல் தேதியை எழுதுங்கள். எடுக்கும்போது முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவிட வேண்டும். இளகியதைப் பச்சையாகத் திரும்ப உறையவைக்கக் கூடாது. ஆறு கிலோவை ஒரே கட்டியாக உறையவைத்துவிட்டு அம்மிக்குழவியால் உடைத்த அனுபவமும் எங்களுக்கு உண்டு.

குளிர்ப்பெட்டி வருமுன் நம் பாட்டிமார் செய்தது உப்புக்கண்டம். இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய நாட்களுக்கு 'தஷ்ரீக்' என்று பெயர் வந்ததற்கு மொழி அறிஞர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று, மினாவில் குர்பானிக் கறியைக் கீற்றுகளாக அறுத்து வெயிலில் உலர்த்தி வந்தார்கள் என்பதே. உலர்ந்த கறிக்கு அரபியில் கதீத் என்று பெயர். பிரயாணத்தின்போது தாம் அறுத்த குர்பானியின் கறியைப் பக்குவப்படுத்தி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஸவ்பான் (ரலி) அவர்களிடம் கூறியதையும், மதீனா வந்து சேரும்வரை அதிலிருந்தே நபியவர்களுக்கு உணவளித்து வந்ததாக அவர் சொல்வதையும் முஸ்லிமில் காண்கிறோம். ஆட்டுக் காலைப் பதினைந்து நாள் வைத்திருந்து உண்போம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னபோது, அப்படி என்ன நெருக்கடி வந்ததென்று ஒருவர் கேட்டாராம். அன்னையவர்கள் சிரித்துவிட்டு, முஹம்மது (ஸல்) அவர்களின் குடும்பத்தார் தொடர்ந்து மூன்று நாள் கூட்டோடு ரொட்டியை வயிறார உண்டதில்லை என்று கூறினார்கள். இன்று மினாவில் கறியை உலர்த்துவதில்லை. ஹாஜிகளின் குர்பானிக் கறியை வீணாக்காமல் உறையவைத்துப் பல நாட்டு ஏழைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு 1983இல் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியின் பொறுப்பில் தொடங்கியது.

உப்புக்கண்டத்துக்கு எலும்பும் கொழுப்பும் இல்லாத தொடைக்கறியே ஏற்றது; கொழுப்பிருந்தால் சிக்கு வாடை வந்துவிடும். சிறு எலுமிச்சையளவு துண்டுகளாக்கி, கழுவி, நீர் சொட்டாமல் வடிய வையுங்கள். கல்லுப்பு, காய்ந்த மிளகாய், மஞ்சள், பூண்டு இவற்றை அரைத்துப் புரட்டி ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் ஊறவிட வேண்டும். உப்பில் கஞ்சத்தனம் கூடாது. கறியைக் காப்பது அதுதான். மறுநாள் கோணி ஊசியால் நூலில் கோத்து, ஒன்றையொன்று தொடாமல் கொடியில் கட்டி, மெல்லிய துணியால் மூடி, நல்ல வெயிலில் காயவிடுங்கள். பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். நாலைந்து வெயில் கண்டு கட்டைபோல் இறுகி, தட்டினால் ஓசை வரும்போது காய்ந்ததாகக் கொள்ளலாம். நடுவில் ஈரமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்டதைக் கழுவிச் சேர்க்காமல் எறிந்துவிட வேண்டும். இதற்கு வெயில்தான் முதல் தேவை. 2009 முதல் 2012 வரை ஹஜ்ஜுப் பெருநாள் நம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தபோது, தமிழ்நாட்டில் பலருக்கு இது கைகூடவில்லை. 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7 என்று கோடையின் பக்கம் வந்துவிட்டதால் இப்பொழுது சில ஆண்டுகளுக்கு வசதிதான்.

உண்ணும்போது வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, உலக்கையால் இரண்டு தட்டுத் தட்டி நசுக்கிக் கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு பொரித்தால் பருப்பாணத்துக்குத் துணை. கத்தரிக்காய்ப் புளியாணத்தில் நாலு துண்டு போட்டால் சட்டி முழுதும் மணக்கும்.

பெருநாள் கழிந்து ஒரு மாதத்தில் முஹர்ரம் 9, 10 நோன்புகள் வந்துவிடும். கடைசியாக மீந்த உப்புக்கண்டத்தை அந்நாட்களுக்கென்று எடுத்துவைக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: சஹருக்கு அதைத் தொடாதீர்கள், பகலெல்லாம் தாகம் வாட்டும். நோன்பு திறந்து மஃரிபு தொழுதபின் கஞ்சியோடு கடித்துக்கொள்ள அது பொருத்தமாயிருக்கும்.